குழந்தை இருக்கும் வீட்டில் ராட்வைலர்: அபாயம் இனத்திலா, வளர்ப்பிலா?

தேன்சிட்டு (இழையைத் தொடங்கியவர்)

எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வெளிநாட்டுக்குக் குடிபெயரவிருக்கிறது. அவர்கள் வளர்க்கும் இரண்டரை வயது ஆண் ராட்வைலரை (பெரிய காவல்நாய் இனம்) உடன் கொண்டுசெல்ல இயலாத நிலையில், எங்களை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார்கள். வீட்டில் நானும் கணவரும், நான்கு வயது மகளும், நடக்கச் சற்றுச் சிரமப்படும் மாமியாரும் இருக்கிறோம். கணவர் சிறுவயதிலிருந்தே நாய்களோடு வளர்ந்தவர் என்பதால் தயங்காமல் சம்மதித்துவிட்டார். என் அக்காவோ, அந்த இனத்தின் பெயரைக் கேட்டதுமே, குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது என்கிறாள்.

இணையத்தில் தேடினால் இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. இந்த இனங்கள் பிறவியிலேயே கொலைகாரர்கள் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். கெட்ட நாய் என்று ஒன்று கிடையாது, கெட்ட உரிமையாளர்தான் உண்டு என்று மற்றொரு சாரார் எழுதுகிறார்கள். இரண்டுமே முழக்கங்களாகத் தோன்றுகின்றன. உண்மையில் இதுவரை என்னதான் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

கருவேலம்

வேண்டாம் என்பதே என் பதில். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரையிலான இருபது ஆண்டுகளில் நாய்க்கடியால் நேர்ந்த 238 மரணங்களைத் தொகுத்து, 2000-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவ இதழொன்றில் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் குறைந்தது இருபத்தைந்து இனங்களுக்குத் தொடர்பு இருந்தபோதிலும், பாதிக்கும் மேற்பட்ட மரணங்களில் பிட்புல் வகை நாய்களும் ராட்வைலர்களுமே சம்பந்தப்பட்டிருந்தன. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது என்பவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆடு மேய்க்கும் இனமான பார்டர் கோலியின் குட்டி, ஆட்டையே பார்த்திராதபோதும், ஓடும் குழந்தைகளை வளைத்து ஓரிடத்தில் சேர்க்க முயல்கிறது. வேட்டை இனமான பாயின்டரின் குட்டி, யாரும் கற்றுத்தராமலே, பறவையைக் கண்டதும் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நிற்கிறது. இவற்றையெல்லாம் பிறவிக் குணம் என்று மகிழ்ச்சியோடு ஏற்கும் நாம், சண்டைக்காகவும் காவலுக்காகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நாய்களிடம் மட்டும் அந்தத் தேர்வின் சுவடே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பிரிட்டனில் 1835-இல் காளைகளின் மீது நாய்களை ஏவும் விளையாட்டுத் தடைசெய்யப்பட்ட பிறகு, அதே நாய்களைக் குழிகளுக்குள் ஒன்றோடொன்று மோதவிட்ட வரலாற்றிலிருந்துதான் பிட்புல் வகைகள் வந்தன.

சோவியத் அறிவியலாளர் பெல்யாயெவ் 1959-இல் நோவோசிபிர்ஸ்க்கில் தொடங்கிய வெள்ளிநரிச் சோதனையும் நினைவுகூரத்தக்கது. மனிதரிடம் சாதுவாக இருந்த நரிகளை மட்டும் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தபோது, சில தலைமுறைகளுக்குள்ளாகவே வாலாட்டிக்கொண்டு வரும் நரிகள் பிறந்தன. மறுபுறம், சீறும் நரிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்த வரிசையில் சீற்றம் கூடியது. சுபாவம் இரத்தத்தில் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஓடைக்கரை

நண்பர் கருவேலம் குறிப்பிட்ட ஆய்வை எழுதியவர்களே, அந்த எண்களைக் கொண்டு இனத்தடைச் சட்டம் இயற்றக் கூடாது என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார்கள் என்பதை அவர் விட்டுவிட்டார். ஒவ்வோர் இனத்திலும் மொத்தம் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்பது தெரியாமல், கடித்தவற்றை மட்டும் எண்ணி அபாயத்தைக் கணக்கிட முடியாது. போதாததற்கு, இனத்தின் பெயர் பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்து எடுக்கப்பட்டது. அகலத் தலையும் குட்டை ரோமமும் கொண்ட எந்த நாய் கடித்தாலும் மறுநாள் செய்தியில் அது பிட்புல் ஆகிவிடுகிறது.

2013-இல் அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வு இந்தக் குறையைக் களைய முயன்றது. 2000 முதல் 2009 வரை நிகழ்ந்த 256 மரணங்களைக் காவல்துறையினரின் விசாரணைக் குறிப்புகள் வரை தேடிச்சென்று ஆராய்ந்தவர்கள், நாயின் இனத்தை நம்பத்தகுந்த முறையில் உறுதிசெய்ய முடிந்தது 17.6 விழுக்காட்டு நிகழ்வுகளில் மட்டுமே என்று கண்டார்கள். மாறாக, சூழல் சார்ந்த காரணிகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன: 87.1 விழுக்காட்டில் குறுக்கிட்டுத் தடுக்கக்கூடிய ஆள் அருகில் இல்லை, 85.2 விழுக்காட்டில் இறந்தவர் அந்த நாய்க்குப் பழக்கமில்லாதவர், 84.4 விழுக்காட்டில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை, 76.2 விழுக்காட்டில் நாய் குடும்பத்தோடு ஒன்றிப் பழகாமல், கட்டிவைக்கப்பட்டோ அடைக்கப்பட்டோ தனியே கிடந்தது. ஐந்தில் நான்கு மரணங்களில் இத்தகைய காரணிகள் நான்கோ அதற்கு மேலோ ஒன்றுசேர்ந்திருந்தன.

மரபணு பற்றிய வாதத்துக்கும் பதில் உண்டு. 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு 18,385 நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் அளித்த விவரங்களையும், 2,155 நாய்களின் மரபணு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தது. தனி நாய் ஒன்றின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. எவ்வளவு எளிதில் ஒரு நாய் சீண்டலுக்கு ஆளாகிறது என்ற பண்பை இனத்தைக் கொண்டு கணிப்பது ஏறக்குறைய இயலாது என்பதும் அதில் தெரியவந்தது.

கருவேலம்

9 விழுக்காடு என்ற எண்ணைப் பல இடங்களில் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வு அன்றாட நடத்தை பற்றி உரிமையாளர்கள் நிரப்பிய படிவங்களைச் சார்ந்தது. உயிரைப் பறிக்கும் தாக்குதலை அது அளக்கவில்லை, அளப்பதாகச் சொல்லவுமில்லை. 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு 101 இனங்களைச் சேர்ந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் தரவுகளைக் கொண்டு, பழகாதவரிடம் காட்டும் ஆக்ரோஷம், பயிற்சிக்குப் பணியும் தன்மை, துரத்தும் இயல்பு ஆகியவற்றில் இனங்களுக்கு இடையே காணப்படும் வேறுபாடு பெருமளவு மரபு சார்ந்தது என்று கண்டது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒன்று தனி நாயைப் பற்றியது, மற்றொன்று இனத்தின் சராசரியைப் பற்றியது. எனக்கு வசதியான ஆய்வை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற குற்றச்சாட்டு உங்களுக்கும் பொருந்தும்.

போகட்டும், எண்களை ஒதுக்கிவைப்போம். மிகச் சிறிய நாயான சிவாவா கடித்தால் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஐம்பது கிலோ எடையுள்ள நாய், பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையைக் கடித்தால் என்ன ஆகும்? ஆயிரத்தில் ஒரு முறைதான் நடக்கும் என்றாலும், அந்த ஒரு முறைக்குப் பின் எந்த ஆய்வும் ஆறுதல் தராது.

முற்றத்துவெயில்

எங்கள் வீட்டு ராட்வைலருக்கு ஒன்பது வயது. குழந்தைகள் அதன் மீது ஏறிக் குதிரை ஓட்டுகிறார்கள், காதைப் பிடித்து இழுக்கிறார்கள், அது கண்ணைக்கூடத் திறப்பதில்லை. பயப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

வெண்தாமரை (கால்நடை மருத்துவர்)

மேலே உள்ள பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஒன்பது வயது ராட்வைலரின் மீது குழந்தைகள் ஏறுவதைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். அந்த வயதில் மூட்டுவலி இருக்க வாய்ப்பும் அதிகம். நாய் கண்ணைத் திறக்காமல் கிடப்பது பொறுமையாகவும் இருக்கலாம், வலியைத் தாங்கிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். இத்தனை நாளும் சாதுவாக இருந்த நாய் திடீரென்று கடித்துவிட்டது என்று அழைத்து வரப்படும் நாய்களைப் பரிசோதிக்கும்போது, காதுக்குள் சீழ், உடைந்த பல், முதுகுத்தண்டில் வலி என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பழகிப்போன அனுபவம்.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் இரு தரப்பினரும் தனித்தனியான இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நாய் கடிக்குமா என்பது ஒன்று. கடித்தால் எவ்வளவு சேதம் நேரும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இனத்தின் பெயர் மிக மோசமான வழிகாட்டி. 2008-இல் உரிமையாளர்களிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு இனங்களை ஒப்பிட்ட ஆய்வில், மனிதரிடம் ஆக்ரோஷம் காட்டுவதில் முன்னணியில் நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல் டெரியர் போன்ற சிறிய நாய்கள்தான். என் மேசையில் என்னைக் கடித்தவற்றில் பெரும்பாலானவையும் மடியில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவையே. இரண்டாவது கேள்விக்கோ, நாயின் எடை, தாடையின் வலிமை, கடித்தபின் விடுகிறதா பற்றிக்கொண்டு உலுக்குகிறதா என்ற பழக்கம் ஆகியவை நேரடியாகப் பதில் சொல்கின்றன. அவற்றில் இனத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. பிட்புல் தாடையில் பூட்டு இருக்கிறது என்பது கட்டுக்கதை, அப்படி ஓர் உறுப்பு எந்த நாய்க்கும் கிடையாது; ஆனால் பற்றியதை விடாமல் இருக்கும் பிடிவாதத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள் என்பது கட்டுக்கதை அல்ல.

கடியின் கடுமையை அளக்க, கால்நடை மருத்துவரும் பயிற்சியாளருமான இயன் டன்பார் வகுத்த ஆறு படிநிலைகளை நாங்கள் பயன்படுத்துகிறோம். பல் படாமல் பாய்ந்து பயமுறுத்துவது முதல் நிலை, பல் பட்டும் தோல் துளைபடாதது இரண்டாம் நிலை, ஒரே கடியில், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லாத துளைகள் மூன்றாம் நிலை, அதைவிட ஆழமாக இறங்கியது நான்காம் நிலை, பல முறை ஆழமாகக் கடித்தது ஐந்து, மரணம் ஆறு. ஒரு நாய் கடந்த காலத்தில் எந்த நிலையில் கடித்தது என்பதே, அடுத்த முறை எப்படிக் கடிக்கும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த குறிப்பு. ஒரு லாப்ரடார் நான்காம் நிலையில் கடித்திருந்தால், குழந்தை உள்ள வீட்டில் அதை வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது எவ்வளவு நல்ல இனம் என்று ஊரே சொன்னாலும் சரி.

எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் எச்சரிக்கை இருந்திருக்கும், பார்க்கத் தெரிந்திருக்காது. உடல் விறைப்பது, உண்ணாதபோதும் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, தூக்கமில்லாத கொட்டாவி, பிறகு உறுமல் என்று அது படிப்படியாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. உறுமியதற்காக அடிக்கும் வீடுகளில் நாய் உறுமுவதை நிறுத்திவிடுகிறது, அச்சமோ கோபமோ அப்படியே இருக்கிறது. அது புகையெச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தைக் கழற்றிவிட்டுத் தீ அணைந்துவிட்டதாக நம்புவதற்குச் சமம். காவலுக்கென வாங்கிய பெரிய நாய்களை முரட்டுத்தனமாக அடக்கிப் பழக்கும் வழக்கம் அதிகமாக இருப்பதால், இந்தக் கேடு அவற்றிடமே அதிகம் காணப்படுகிறது. இனத்துக்கும் வளர்ப்புக்கும் இடையே கோடு போட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்: எந்த வகை நாயை எந்த வகை மனிதர் எதற்காக வாங்குகிறார் என்பதும் அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

நடுக்கடல்

சட்டங்களின் அனுபவத்தையும் இங்கே பதிவுசெய்வது பொருத்தமாக இருக்கும்.

பிரிட்டன் 1991-இல் பிட்புல் டெரியர், ஜப்பானிய தோசா, டோகோ அர்ஹென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளைத் தடைசெய்தது. அதன் பிறகு நாய்க்கடித் தொல்லை குறைந்ததா என்றால், இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 1998-இல் ஒரு லட்சம் பேருக்கு 6.34 என்ற அளவில் இருந்து 2018-இல் 14.99 ஆக உயர்ந்தார்கள். அந்த உயர்வு பெரியவர்களிடையே நேர்ந்தது. குழந்தைகளின் விகிதம் பெரிதாக மாறவில்லை என்பது கவனிக்கத்தக்க நுட்பம். நெதர்லாந்து 1993-இல் பிட்புல் வகைகளின் மீது கொண்டுவந்த தடையைக் கடிகள் குறையாததால் பின்னர் விலக்கிக்கொண்டது. இத்தாலி 2003-இல் 92 இனங்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் குட்டைக்கால் கோர்கிகூட இடம்பெற்றது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. 2009-இல் பட்டியலையே கைவிட்டு, உரிமையாளரின் பொறுப்பை வலியுறுத்தும் விதிகளுக்கு மாறினார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989 முதல் வைத்திருந்த தடையை 2020-இல் வாக்கெடுப்பின் மூலம் நீக்கி, அனுமதிச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 இனங்களைத் தடைசெய்யும்படி மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேளாமல் வெளியிடப்பட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முதன்மையான காரணம்.

எனக்கு மிகவும் பொருளுள்ளதாகத் தோன்றுவது ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தின் பாதை. அங்கே பட்டியலிடப்பட்ட இனங்களைச் சுபாவச் சோதனைக்கு உட்படுத்திய ஹனோவர் கால்நடை மருத்துவக் கல்லூரி, அதே சோதனையைச் சாதுவானவை என்று பெயர்பெற்ற கோல்டன் ரெட்ரீவர்களுக்கும் நடத்தியபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அந்த முடிவு 2008-இல் வெளியானது. மாநிலமோ அதற்கு முன்பே இனப்பட்டியலைக் கைவிட்டிருந்தது. பின்னர் 2013 முதல், புதிதாக நாய் வளர்க்கத் தொடங்குபவர், அது எந்த இனமாக இருந்தாலும், எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதித் தகுதியை நிறுவ வேண்டும் என்று விதித்தது. சோதனைக்கு உட்படவேண்டியது கயிற்றின் எந்த முனை என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது.

கருவேலம்

பட்டியல்கள் தோற்றதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். பிரிட்டனில் தடைப்பட்டியலில் இல்லாத இரத்தக்கலப்பிலிருந்து, அதே உடற்கட்டை இன்னும் பெரிதாக்கி, எக்ஸ்எல் புல்லி என்ற பெயரில் விற்றார்கள். அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்த பிறகு, 2023 டிசம்பர் 31 முதல் அவற்றை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும், 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதும் இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாக்கப்பட்டன. சட்டத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைக்க வேண்டும். சட்டமே தேவையில்லை என்று முடிவுகட்டுவது சரியல்ல. மேலும், கடியின் எண்ணிக்கை கூடியது என்பதைக் கொண்டு தடை பயனற்றது என்று கூறுவது, மருத்துவர் அம்மா சற்றுமுன் சுட்டிக்காட்டிய அதே குழப்பம்தான். தடையின் நோக்கம் எல்லாக் கடிகளையும் குறைப்பது அல்ல. மிகக் கொடிய கடிகளைக் குறைப்பது.

ஓடைக்கரை

அதை ஒப்புக்கொள்கிறேன், கொடிய கடிகளை வைத்தே தடையை எடைபோட வேண்டும். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. பிட்புல் வகை என்பது சட்டத்தின் கண்ணில் அளவுகோலால் அளந்து தீர்மானிக்கப்படும் ஓர் உருவம். காப்பகங்களில் அன்றாடம் நாய்களோடு பழகும் பணியாளர்களே கண்ணால் பார்த்துச் சொன்ன இனத்துக்கும் மரபணுச் சோதனையின் முடிவுக்கும் பல நேரங்களில் ஒற்றுமை இருப்பதில்லை. யாரையும் கடித்திராத கலப்பின நாய், தலையின் அகலத்துக்காக உயிரிழக்கிறது. ஐந்தாம் நிலையில் கடித்த வேறோர் இன நாய், பட்டியலில் இல்லாததால் வேறு வீட்டுக்குக் கைமாறுகிறது. மிகப் பெரிய நாய்களுக்கென்று தனி விதிகள் வேண்டும் என்றால், எடையை வரம்பாக வைத்து உரிமம், காப்பீடு, பொது இடத்தில் வாய்மூடி என்று விதிக்கலாம். அதற்கு நான் எதிரி அல்ல.

தேன்சிட்டு

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்கும்படி மருத்துவர் சொன்னது எனக்குத் தெளிவைத் தந்தது. இப்போது நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். இது குட்டி அல்ல, வளர்ந்த நாய். அப்படி வளர்ந்த நாயாக இருப்பது எங்களுக்கு நல்லதா கெட்டதா? அதன் தற்போதைய உரிமையாளரிடம் நான் எவற்றைக் கேட்டு அறிய வேண்டும்? என் மகளுக்கு நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்தால் போதுமா?

வெண்தாமரை (கால்நடை மருத்துவர்)

வளர்ந்த நாய் என்பதில் ஒரு நன்மை உண்டு. குட்டி என்னவாக வளரும் என்பது ஊகம். இரண்டரை வயது நாய் என்னவாக இருக்கிறது என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஏறத்தாழ மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான பருவத்தில் குட்டி எவற்றையெல்லாம் அச்சமின்றிச் சந்திக்கிறதோ அவையே பிற்காலத்தில் அதற்கு இயல்பானவையாகின்றன. அந்தப் பருவத்தில் சிறு குழந்தைகளையே பார்த்திராத நாய்க்கு, அலறிக்கொண்டு தாறுமாறாக ஓடும் நான்கு வயதுக் குழந்தை விளங்காத ஓர் உயிரினம். ஆகவே முதல் கேள்வி: குட்டியாக இருந்தபோது இந்த நாய் குழந்தைகளோடு பழகியதா, இப்போது பழகுகிறதா?

அடுத்து, கடித்ததுண்டா என்று கேட்காதீர்கள். எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். கேள்வியை வேறுவிதமாகக் கேளுங்கள். உணவுத்தட்டின் அருகே போனால் என்ன செய்யும், வாயில் வைத்திருக்கும் எலும்பை வாங்க முடியுமா, தூங்கும்போது தொட்டால் எப்படி விழிக்கும், விருந்தினர் வரும்போது அது எங்கே இருக்கும், மருந்தகத்தில் வாய்மூடி போடுகிறார்களா, நகம் வெட்ட எத்தனை பேர் பிடிக்க வேண்டும் என்பன போன்றவை. விருந்தினர் வந்தால் அறைக்குள் கட்டிவிடுவோம் என்று மிகச் சாதாரணமாகச் சொல்வார்கள். அதற்கான காரணத்தை வற்புறுத்திக் கேளுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் உரிமையாளரின் ஒப்புதலோடு பேச முடிந்தால் இன்னும் நல்லது.

மகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது அவசியம்தான், ஆனால் போதாது. நான்கு வயதுக் குழந்தைக்கு விதி தெரிந்திருந்தாலும் ஆசை வரும்போது நினைவிருக்காது. நாயின் முகமும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதால் சிறுவர்களுக்குக் கடி பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது; அவர்களைக் கடிப்பதும் பெரும்பாலும் பழக்கமான நாயே. எனவே குழந்தையும் நாயும் ஒரே அறையில் இருந்தால், விழிப்போடு கவனிக்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். சமையலறையிலிருந்து ஒரு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது கவனிப்பு ஆகாது. பெரியவர் எழுந்து போகும்போது நாயோ குழந்தையோ உடன் போக வேண்டும். இடையில் தாழ்ப்பாள் உள்ள தடுப்புக் கதவு வேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று. பகலில் வீட்டில் இருக்கப்போவது யார்? உங்கள் மாமியாரும் குழந்தையும் மட்டும் என்றால், ஐம்பது கிலோ நாயைத் தடுத்து நிறுத்தக்கூடியவர் அந்த வேளையில் வீட்டில் எவருமில்லை. ஓடைக்கரை மேற்கோள் காட்டிய 87.1 விழுக்காட்டைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், விளையாட்டாக மோதியே முதியவரைக் கீழே தள்ளி இடுப்பெலும்பை முறித்துவிடும்.

எந்த நாய், எந்தச் சூழலில் கடித்தாலும், சிறு கீறலே என்றாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று ரேபிஸ் தடுப்பூசி பற்றி முடிவெடுக்க வேண்டும். ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிவிட்டால் கிட்டத்தட்ட எப்போதுமே மீட்க இயலாது. இந்த விஷயத்தில் இனம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

கருவேலம்

மருத்துவர் அம்மா சொன்னதை எல்லாம் ஏற்கிறேன். அவ்வளவு ஏற்பாடுகள் தேவைப்படும் ஓர் உயிரை அந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா என்பது மட்டுமே என் கேள்வி. மனிதர்கள் களைப்படைவார்கள், கதவைத் தாழிட மறப்பார்கள். மறதியைத் தாங்கிக்கொள்ளும் நாயை வளர்ப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது.

தேன்சிட்டு

நேற்று மாலை உரிமையாளரோடு நீண்ட நேரம் பேசினோம். நீங்கள் சொன்ன கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாப்பிடும்போது யாரும் அருகே போக மாட்டார்கள் என்றும், அது அவர்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது என்றும் சொன்னார். வீட்டில் சிறு குழந்தைகள் இல்லை. உறவினரின் குழந்தைகள் வரும் நாட்களில் பின்கட்டில் கட்டிவிடுவார்களாம். நாயைப் பார்த்தபோது அழகாகவும் கட்டுப்பாடாகவும் இருந்தது. கணவரிடம் மிக எளிதாக ஒட்டிக்கொண்டது. ஆனால் பகலில் வீட்டில் இருக்கப்போவது மாமியாரும் மகளும்தான் என்பதை மாற்ற எங்களால் இப்போது முடியாது. எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டோம். கணவருக்கு வருத்தம்தான். மகள் சற்றுப் பெரியவளானதும் வேறொரு நாயைப் பற்றி யோசிக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

என் அக்கா, இனத்தைப் பற்றித் தான் சொன்னது சரியாகிவிட்டது என்று மகிழ்கிறாள். உணவுத்தட்டின் அருகே எவரையும் விடாத நாய் எந்த இனமாக இருந்திருந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒத்துவந்திருக்காது என்று அவளுக்கு விளக்கிப் பார்த்தேன். அவள் கேட்பதாக இல்லை.

அந்த நாயின் கதிதான் மனத்தை உறுத்துகிறது. அவர்கள் கிளம்ப இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. நாங்கள் ஏதாவது உதவ முடியுமா?

ஓடைக்கரை

உதவலாம். முதலில், உணவு விஷயத்தையும் குழந்தைகள் வந்தால் கட்டிவைப்பதையும் அவர்களே ஒரு தாளில் எழுதி, மருத்துவப் பதிவேட்டோடு சேர்த்து வைக்கும்படி சொல்லுங்கள். எடுத்துக்கொள்ள வருபவரிடம் இவற்றை மறைத்துவிட்டால் நாய் விரைவில் வேறொரு கைக்கு மாறும்; ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் அச்சம் கூடும். குழந்தைகள் இல்லாத, பெரிய நாய்களை முன்பே வளர்த்த வீட்டைத் தேடுங்கள். இலவசம் என்று பொதுவெளியில் விளம்பரம் செய்ய வேண்டாம். காவலுக்குச் சங்கிலியில் கட்டிப்போடவும், குட்டிகளுக்காகப் பயன்படுத்தவும் ஆள் தேடுபவர்களே முதலில் வருவார்கள். கைமாற்றுவதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் அந்த இரண்டாம் வகையினர் தாமாகவே விலகிவிடுவார்கள்.

வெண்தாமரை (கால்நடை மருத்துவர்)

கூடவே, கூடை வடிவ வாய்மூடியை உணவு கொடுத்துப் பழக்கும் பயிற்சியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அதை அணிந்தபடி நாய் வாய் திறந்து இரைக்கவும் நீர் குடிக்கவும் முடியும். புதிய வீட்டின் முதல் வாரங்களில் எல்லோருக்கும் அது பாதுகாப்பு. தட்டைக் காக்கும் பழக்கத்தையும் சரிசெய்ய முடியும். தட்டைப் பிடுங்கிப் பழக்கக் கூடாது. தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிடச் சுவையானதை எறிந்துவிட்டு விலகிச் செல்ல வேண்டும். நாய் தளர்ந்திருக்கும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நாய் விறைத்தால் அன்றைக்கு அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். சில வாரங்களில் முழுதாக மாறிவிடாது. தொடங்கிவைத்தால் அடுத்து எடுத்துக்கொள்பவர் தொடரலாம். உரிமையாளருக்கு ஐயம் இருந்தால் இந்த இழையிலேயே கேட்கச் சொல்லுங்கள்.